எதிர் மூலையில் யார்

இன்று காலை கடையில் கரண்ட் போய், ஜெராக்ஸ் மிஷின் பாதித் தாளை வாயில் கவ்விக்கொண்டு நின்ற நேரத்தில் என் போன் கூவியது. எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. "சூரியன் வந்தாச்சு. எங்க இருக்கே?" என்று திரையில் எழுத்து நின்றது. நீ என் போனில் போட்டு வைத்துவிட்டுப் போன நினைவூட்டல். நீ தையில் போய்ச் சேர்ந்தாய், இப்போது சித்திரை. ஆள் இல்லை, கேள்வி மட்டும் நேரம் தவறாமல் வருகிறது.

இன்று எனக்குப் பிறந்த நாள் என்பதே அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை, அதில் வருத்தமும் இல்லை. எதிரில் உன் நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவர், கரண்டுக்காகக் காத்திருந்தார். நான் போனை அணைத்து டிராயரில் போட்டேன். நெஞ்சு அடைக்கும், கண் கலங்கும் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் உதட்டை நாமே தொட்டால் வேறு யாருடையதோ மாதிரி இருக்குமே, கொஞ்ச காலமாக எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது. உன் சாவுக்கு நான் இன்னும் அழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணி அதைக் கவனித்தாள். நாலு பேரிடம் சொல்லியும் இருப்பாள். சொல்லட்டும்.

நீ போன பிறகும் கடை அப்படியேதான் இருக்கிறது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரே ஷட்டர். ஒரு பாதியில் என் ஜெராக்ஸ், மறு பாதியில் உன் கம்ப்யூட்டர் ஜாதகம், நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர். நீ ஒரு ஜாதகத்தை அச்சடிக்கக் கொடுத்துவிட்டால் அது பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருக்கும். என் பட்டா நகலும் சாதிச் சான்றிதழும் பின்னால் வரிசையில் நிற்கும். அதற்காக நாம் போட்ட சண்டை இந்தத் தெருவுக்கே தெரியும். "செவ்வாய் தோஷம் வர்ற வரைக்கும் வி.ஏ.ஓ. ஆபீஸ் மூடாம இருக்குமா" என்று நான் கத்துவேன். நீ கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, காது கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருப்பாய்.

இருவருக்கும் ஒரே வயசு. நீ கணக்கில் பி.எஸ்சி., நான் பிளஸ் டூவோடு நின்றவள். புருஷன் வீடு ஒத்துவராமல் நீ அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, கைத்தொழில் மாதிரி இதைப் பிடித்துக்கொண்டாய். எனக்கு நீ எதையும் சொல்லித் தரவில்லை. வருகிறவர்களுக்கு நீ சொல்வதை மிஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி வந்துவிட்டது. அந்தப் பாதிதான் வம்பாகப் போனது.

கல்யாணப் பொருத்தம் பார்க்க வருகிறவர்களை நீ சட்டென்று முடித்து அனுப்பிவிடுவாய். நாற்பதைத் தாண்டியவர்கள் வந்தால்தான் உனக்கு உற்சாகம். அவர்களுக்கு வருஷ ஜாதகம் போட்டுக் கொடுப்பாய். பிறந்தபோது சூரியன் எந்தப் பாகையில் நின்றதோ, அதே பாகைக்கு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும் நிமிஷத்துக்குப் போடுகிற கட்டம். கேக் வெட்டுகிற நேரத்துக்குப் போடுவதில்லை. அந்த நிமிஷம் வருஷத்துக்கு வருஷம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு வருஷம் காலையில் என்றால் அடுத்த வருஷம் சாயங்காலம். இதைக் கேட்டு வந்தவர்கள் முழிப்பார்கள். உனக்கு அதில் ஒரு குஷி.

கேந்திரம் என்று நீ சொல்ல மாட்டாய், மூலை என்பாய். அந்த நிமிஷத்தில் கிழக்கே எழும்புகிற ராசி லக்னம், அது நீங்கள். மேற்கே இறங்குகிற ராசி ஏழாமிடம், அது உங்கள் எதிரில் நிற்கிற ஆள். தலைக்கு மேலே பத்து, அது தொழில். காலுக்குக் கீழே நாலு, அது வீடு. "ஒம்போது கிரகமும் எங்கனா ஒரு எடத்துல இருந்துதான் ஆவணும். மூலையில எவன் நிக்கிறானோ அவன்தான் இந்த வருஷத்த நடத்துவான், மத்தவன்லாம் கூட்டம்" என்று நீ சொல்வதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். இளவட்டத்துக்கு இது வேண்டாம், அதுங்களுக்கு எந்த வருஷமும் ஒன்றுதான் என்பாய். பாதி வழி வந்தவர்களுக்குத்தான் இந்த வருஷம் யார் கையில் என்று தெரிந்தாக வேண்டுமாம்.

இன்னொன்றும் சொல்வாய். சூரியன் திரும்பி வருகிற நிமிஷம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் கிழக்கே எழும்புகிற ராசி ஊருக்கு ஊர் மாறும். அதனால் அந்த நிமிஷத்தில் எங்கே இருக்கிறாயோ அதுதான் உன் வருஷம். இதைக் கேட்டுவிட்டு உரக்கடைக்காரர் ஒருவர், மூலையில் செவ்வாய் நிற்கிறது என்று பயந்து, கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போனார். போன இடத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கட்டோடு வந்தார். நீ ஒரு வாரம் சிரித்தாய். அவர் வந்தால் மட்டும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்வாய்.

போன ஆடியில் உனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஆபரேஷன் என்றார்கள், புரட்டாசியில் ஒரு தேதி கொடுத்து அன்று வந்து சேர்ந்துவிடச் சொன்னார்கள். உனக்கு நாற்பத்தெட்டு முடிகிற நாள் அது. நாம் குறித்ததில்லை, அவர்களாகக் கொடுத்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது நீ அதைச் சொன்னாய். நான் டீயை வைத்துவிட்டேன்.

உன் கட்டத்தை நீ பார்ப்பதில்லை. தொழிலில் இருக்கிறவர்கள் தன் ஜாதகத்தைத் தான் பார்க்கக் கூடாது என்பது உங்களுக்குள் ஒரு வழக்கம். பார்த்தால் ஆசைப்பட்டதுதான் கண்ணில் படும், இல்லாவிட்டால் பயந்தது கண்ணில் படும் என்பாய். என் கட்டத்தை வருஷா வருஷம் நீ பார்த்துச் சொல்வாய், உன்னுடையதை யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது உன் நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்து, "நீ பாத்து சொல்லுடி" என்றாய். சொல்லிவிட்டு ஷட்டர் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாய்.

திரையில் கட்டம் வந்தது. லக்னம் மீனம், அதில் சனி. அதற்கு மேல் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்கிற நாள், லக்னத்தில் சனி. மறைக்கத் தெரியாது எனக்கு. சொன்னேன். நீ திரும்பவில்லை. லக்னம் எந்தப் பாகையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாய். ராசி ஆரம்பத்திலேயே இருக்குது என்றேன். அப்படியென்றால் ஓரத்தில் நிற்கிறது, கொஞ்சம் மேற்கே போனால் லக்னம் முந்தின ராசிக்குப் போய்விடும். பாதி தெரிந்தவளுக்கு இது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஊர்ப் பெயரில் பெங்களூர் என்று அடித்தேன், என் தங்கச்சி வீடு அங்கேதான். லக்னம் கும்பம் ஆனது. சனி ரெண்டாமிடத்துக்குப் போனது.

"போயிடுச்சுடி. பெங்களூர் போனா சனி லக்னத்துல இல்ல" என்றேன். நீ திரும்பாமலே "நெசமாவா?" என்றாய். உன் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. வந்தவர்களையெல்லாம் கிண்டல் செய்தவள், உரக்கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தவள், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாய். அதற்குப் பிறகு யோசிக்க எனக்கு என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேறு தேதி கேட்டோம். பெட் எப்போது காலியாகும் என்று சொல்ல முடியாது, வந்தால் அன்றைக்கு வாருங்கள், இல்லாவிட்டால் வரிசையில் கடைசி என்றார் அங்கிருந்த சிஸ்டர். உன் அண்ணனிடம் சொன்னதற்கு, பிறந்த நாளும் அதுவுமாக ஆஸ்பத்திரி எதற்கு, போய்விட்டு வாருங்கள் என்றார். நமக்கு வேண்டியிருந்த பதிலும் அதுதான். கட்டி உள்ளே இருக்கிறது, அது எந்த லக்னத்தையும் பார்த்துக் காத்திருக்காது என்று சொல்ல அன்று ஒரு ஆள் இல்லை.

அந்தத் தேதி அன்று காலையில் பெங்களூர் பஸ் ஏறினோம். நிமிஷம் சாயங்காலம்தான், சூரியன் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். நேரம் இருந்தது. உன் மடியில் துணிப் பை, அதில் ஆஸ்பத்திரி ஃபைலும் இருந்தது. அதை ஏன் எடுத்துவந்தாய் என்று நான் கேட்கவில்லை. கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் திடீரென்று கேட்டாய்.

"சனி எழுந்து போச்சு, சரி. அந்த எடத்துல யாரு வந்து ஒக்காந்தாங்க?"

எனக்குப் புரியவில்லை. "இன்னா யாரு?"

"லக்னம் கும்பம் ஆச்சு இல்ல? கும்பத்துல யாருடி?"

பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். ராகு. சனியிடமிருந்து தப்பிக்கிறேன் என்று ராகு மடியில் உன்னை உட்கார வைக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். சூரியன் எங்கே என்று அடுத்துக் கேட்டாய். எட்டில். புதன்? அதுவும் எட்டில். எட்டு என்றால் மறைவிடம், ஆகாத இடம். இதே செஞ்சிக்குப் போட்டால் என்று நீ கேட்டாய், நான் விரலால் தேடிக்கொண்டிருந்தேன், நீ போனைப் பிடுங்கிவிட்டாய். அத்தனை வருஷம் பார்க்காத உன் கட்டத்தை நீயே பார்த்தாய்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு சிரித்தாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய். செஞ்சிக்குப் போட்ட கட்டத்தில் மீனம் மேலே இடது மூலை, அதில் சனி. மேலே வலது மூலையில் குரு, நாலாவது சுற்று முடித்து நீ பிறந்தபோது இருந்த வீட்டுக்கே வந்திருக்கிறது. கீழே வலது மூலை கன்னி, சனிக்கு நேர் எதிரில், அங்கே சூரியனும் உச்சமான புதனும். நாலில் மூன்று மூலையில் ஆள் நிற்கிறது. சனியைப் பார்த்த பயத்தில் மற்ற மூலைகள் இருப்பதையே நான் மறந்துவிட்டேன்.

பஸ் திருவண்ணாமலை ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய்.

"எறங்குடி. சனி இருந்தா இருந்துட்டுப் போவட்டும். இந்த வருஷம் நான் படுக்கப்போறேன்னு டாக்டரு முன்னாடியே சொல்லிட்டாரு, அதுக்கு சனி வேற வந்து சொல்லணுமா? எதிர்ல நிக்கிறவங்கள எட்டுல கொண்டு போய்த் தள்ளிட்டு நான் மட்டும் எங்க போவேன்?"

விழுப்புரம் போய், பஸ் மாறி, புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. சிஸ்டர் நம்மைத் திட்டித் தீர்த்தார். ஆனால் பெட்டை வேறு யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. கையில் ஊசி குத்தி, டேப் ஒட்டி, உன்னைப் படுக்க வைத்தார்கள். சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியே வார்டுக்குள் நீளமாக விழுந்தது. நான் ஸ்டூலை உன் தலைமாட்டில் போட்டு உட்காரப் போனேன். நீ விடவில்லை. கால்மாட்டில், ஜன்னல் பக்கமாக எடுத்துப் போடச் சொன்னாய்.

"அங்க ஒக்காரு. அங்கதான்."

உட்கார்ந்தேன். மேற்கே, உனக்கு நேர் எதிரில். முதுகில் வெயில் சுட்டது, என் நிழல் உன் கால் மேல் விழுந்தது. நீ போனில் மணி பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். எனக்குப் பின்னால் சூரியன் இருந்திருக்க வேண்டும், நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டாய். "சரியா இருக்குது" என்றாய். அவ்வளவுதான். பிறகு என் போனைக் கேட்டு வாங்கி, இருட்டும் வரை எதையோ தட்டிக்கொண்டே இருந்தாய். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். என் வருஷ நிமிஷங்களைத்தான் கணக்குப் போட்டுப் போட்டு ஏற்றிக்கொண்டிருந்தாய் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை வருஷத்துக்கு ஏற்றியிருக்கிறாய் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை.

ஆபரேஷன் நடந்தது. உள்ளே பரவியிருந்தது. முடி கொட்டியது, நீ அண்ணன் வீட்டு முன்னறையில் கட்டிலோடு ஆனாய். தினமும் கடையை மூடிவிட்டு வருவேன். சனி உன்னைப் படுக்க வைத்தது உண்மை. ஆனால் அந்த மாதங்களில் நீ பேசிய மாதிரி முன்பு பேசியதே இல்லை. புருஷன் வீட்டில் நடந்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னாய், அழாமல், கதை மாதிரி. உன் அண்ணி டம்ளரை வைக்கிற சத்தத்தை வைத்தே அவள் கோபத்தை அளந்து சொல்வாய், நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அது புதன் வேலை என்பாய். பத்தாம் மூலை காலியாக இருந்தது உனக்குக் கடைசிவரை உறுத்தல். "தொழில் எடத்துல ஆளே இல்ல, நீதான் பாத்துக்கணும்" என்றாய். நான் ம் கொட்டினேன்.

நீ போனபோது நான் கூட இல்லை. கடையில் யாருடைய பட்டாவையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் போன் செய்தார். கேட்டுவிட்டு, மீதித் தாளையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஷட்டரை இறக்கினேன்.

காரியம் முடிந்த பிறகு உன் அண்ணன் என்னிடம் சொன்னார், பெங்களூர் போயிருந்தால் இப்படி ஆகியிருக்காது, திருவண்ணாமலையில் இறக்கியது யார் என்று. நீதான் இறங்கினாய் என்று சொல்ல வாய் வரவில்லை. டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னதையும் அவரிடம் சொல்லவில்லை. அன்று வந்து சேர்ந்ததால்தான் தை வரைக்கும் ஓடியது, தள்ளிப்போட்டிருந்தால் தீபாவளியே சந்தேகம் என்றார். ஆக, கட்டம் சரியாகச் சொன்னதா, தப்பாகச் சொன்னதா? நீ இருந்தால் கேட்டிருப்பேன், நீ கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஏதாவது சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியவில்லை. எதிரில் ஆள் இருக்கிறது என்று கட்டம் சொன்னது, ஆள் இருந்தது. அதற்கு மேல் அது எதையும் சொன்னதாக எனக்குப் படவில்லை.

'கம்ப்யூட்டர் ஜாதகம்' போர்டு இன்னும் தொங்குகிறது. வருகிறவர்களிடம் ஜெராக்ஸ் மட்டும்தான் என்கிறேன். பிரிண்டருக்கு இப்போது சண்டை இல்லை, என் தாள் உடனே வந்துவிடுகிறது. இந்த வருஷத்துக்கு என் கட்டத்தை யாரும் பார்க்கவில்லை. தன் கட்டத்தைத் தான் பார்க்கக் கூடாது, எனக்குப் பார்த்துச் சொல்ல இருந்த ஆள் நீ ஒருத்திதான். என் மூலைகளில் யார் நிற்கிறார்கள், எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை.

ஆனால் ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கே எது நடந்தாலும் எதிரில் யார் என்று பார்த்துவிடுகிறேன். பஸ்ஸில், பாங்கில், சாவு வீட்டில்கூட. இன்று காலையும் போனை டிராயரில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நீ இல்லை. அந்த அம்மா இருந்தார். பனமலையிலிருந்து வந்தவராம், இது இரண்டாவது நடையாம். நான் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. பாதி எழுந்துகொண்டு, "இது யாரோ ஒக்கார்ற சேராம்மா? நான் வேணா வெளிய நிக்கட்டுமா?" என்றார்.

"இல்லம்மா. ஒக்காருங்க. அங்கதான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவர் உட்கார்ந்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, இன்னாம்மா ஆச்சு என்று கேட்டார். தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவ்வளவுதான், அதற்கு மேல் இன்றும் ஒன்றும் வரவில்லை. கரண்ட் வந்தது. மிஷின் மீதித் தாளைத் துப்பியது. ரேஷன் கார்டை இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்தேன்.

எங்க இருக்கே என்று கேட்டாய். செஞ்சியில்தான். கடையில், உன் நாற்காலிக்கு எதிரில். அடுத்த வருஷம் நீ கேட்கிறபோது சாயங்காலமாக இருக்கும், வெயில் ஷட்டர் வழியே உன் பக்கம் வரைக்கும் வரும். அப்போதும் இங்கேதான் இருப்பேன்.